மாத்திரை போட்டாச்சு

தாடை வலித்தது. இரவெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டே தூங்கியிருக்கிறாள். அதைத் தூக்கம் என்று சொல்வதும் சரியில்லை. கனவுகள் ஒன்றையொன்று இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தன. எழுந்து முகம் கழுவி, துண்டுக்காகக் கண்ணை வலப்பக்கம் திருப்பினாள். தலைக்குள் சுரீர் என்றது. கெட்டுப்போன சுவிட்சைப் போட்டால் விளக்கு ஒரு தரம் வெட்டி அடங்குமே, அப்படி. இரண்டு நாளாகக் கண்ணைத் திருப்பும்போதெல்லாம் வெட்டுகிறது.

சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "மாத்திரை போட்டியா?"

"போட்டாச்சு."

போடவில்லை. போன வாரமே நிறுத்திவிட்டாள்.

புருஷன் விட்டுப் போனபோது கட்டிலோடு கிடந்தவளைத் தன் வீட்டுக்குத் தூக்கி வந்து, குளிப்பாட்டி, தலைச்சிக்கு எடுத்து, மனநல டாக்டரிடம் இழுத்துப் போனது அண்ணிதான். மாத்திரை அவளை எழுப்பி நிற்க வைத்தது. பிறகு அண்ணி தான் வேலை பார்க்கும் சலவைக்கூடத்திலேயே அவளைச் சேர்த்தும் விட்டாள். எல்லாம் சரி. ஆனால் தினமும் அந்தக் கேள்வி. சோறு போடும்போது கேட்பாள், பஸ் ஏறும்போது கேட்பாள், ஒருமுறை பக்கத்து வீட்டுக்காரி முன்னாலேயே கேட்டாள். யாரும் எதுவும் கேட்காத ஆளாக ஒரு நாளாவது இருந்து பார்க்க வேண்டும் என்று இவளுக்கு ஆத்திரம். நன்றாகத்தானே இருக்கிறோம், இனி எதற்கு? ஒரேயடியாக நிறுத்தினாள். டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் அண்ணியின் காதுக்குப் போகும்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று மார்தட்டிக்கொண்டாள். அப்புறம் வியர்வை. கால் ஒரு இடத்தில் நிற்காது. பஸ்ஸில் யாரோ ஒரு குழந்தை கொட்டாவி விட்டதைப் பார்த்து அழுகை முட்டியது. அடுத்த நிறுத்தத்தில் அதே குழந்தையை அறையலாம் போல இருந்தது. பழைய நோய் திரும்பி வருகிறதோ என்ற பயம்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. மறுபடி கட்டிலா? மறுபடி அண்ணியின் கையால் குளியலா?

சலவைக்கூடத்துக்கு ஆஸ்பத்திரித் துணிதான் வேலை. பெரிய ரோலரில் பெட்ஷீட் தேய்க்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கொரு மூலையைப் பிடித்து, இழுத்து விறைப்பாக்கி, ஓரத்தை நாடா மேல் வைத்து ஒரே நேரத்தில் விட வேண்டும். சூடான ரோலர் உள்ளே வாங்கிக்கொள்ளும். அண்ணியும் இவளும் ஒரு ஜோடி. அண்ணி தொண்டைக்குள் "ம்" என்பாள். விடுவார்கள். அடுத்தது.

ரோலருக்கு முன்னால் நீளமாக ஒரு சிவப்புக் கம்பி உண்டு. உடம்பு பட்டால் மிஷின் நின்றுவிடும். வயிறு கொஞ்சம் இடித்தாலும் நிற்கும். நின்றால் மறுபடி ஓட விடுவதற்குள் துணி மலையாகக் குவியும், சூப்பர்வைசர் வாயில் விசிலோடு வந்துவிடுவான். ஆளுக்கே விசில் என்றுதான் பெயர். அதனால் எல்லா ஜோடியும் கம்பிக்குப் பின்னால் தலையணை உறையை மடித்துச் செருகியிருப்பார்கள். கம்பி அசையாது. விசிலுக்கும் தெரியும். தெரியாத மாதிரி நடப்பான்.

"என்னடி, நின்ன இடத்துல தாளம் போடுற? கால்ல எறும்பா?" என்றாள் அண்ணி.

"ஆமா. உங்க வீட்டு எறும்புதான்."

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. மூலைய இழுத்துப் பிடி, உங்கண்ணன் வேட்டி மாதிரி தொங்குது."

பக்கத்து ரோலர்க்காரி சிரித்தாள். இவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளங்கை வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் விசில் பின்னால் இருந்து ஊதினான். யாரையோ கூப்பிட்டான், இவளை இல்லை. கண் தானாகத் திரும்பியது. தலைக்குள் வெட்டியது, அடுத்தடுத்து மூன்று தரம். விரல் விட்டுவிட்டது. அண்ணி இன்னும் "ம்" சொல்லவில்லை.

இவள் பக்கத்து மூலை தொங்க, பெட்ஷீட் கோணலாக உள்ளே ஏறியது. கோணலாகப் போனால் சுருட்டிக்கொள்ளும், கரியும், திரும்பத் துவைக்க வேண்டும். எத்தனையோ வருடம் இந்த வேலை பார்த்த கை யோசிக்காது. அண்ணி எட்டிப் பாய்ந்து மூலையைப் பிடித்தாள். ஈரத்துணி மணிக்கட்டில் சுற்றியது. கை ரோலரை நோக்கிப் போனது. அவள் மார்பு சிவப்புக் கம்பியில் மோதியது. கம்பி அசையவில்லை.

மெயின் சுவிட்ச் எங்கே என்று இவளுக்குத் தெரியும். ஓடினாள். தரை சாய்ந்த மாதிரி இருந்தது, சுவரைப் பிடித்தே போனாள். அடித்து நிறுத்துவதற்குள் அண்ணி காலை மிஷினில் ஊன்றிக் கையைப் பிடுங்கியிருந்தாள். விரல்களின் மேல்தோல் வெள்ளையாக எழும்பியிருந்தது. அண்ணி கத்தவில்லை. "அப்பாடி, அப்பாடி" என்று மட்டும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விசில் ஓடி வந்தான். முதலில் தலையணை உறையை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகுதான், "யார் விட்டது?" என்றான்.

இவள் வாயைத் திறந்தாள்.

"நான்தான். கவனமில்லாம கைய நீட்டிட்டேன். அவ சரியாத்தான் விட்டா" என்றாள் அண்ணி.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வந்ததும் அண்ணி நின்றாள். "இப்ப சொல்லு. மாத்திரை போட்டியா?"

"இல்ல."

"எப்ப இருந்து?"

"போன வாரம்."

அண்ணி அறைவாள் என்று நினைத்தாள். அறையவில்லை. "அடிப்பாவி, கேட்டாலும் கோவிச்சுக்கிற, கேக்கலைன்னா இப்படிப் பண்ணுற. நான் என்னதாண்டி செய்ய?" என்றாள். அறைந்திருந்தால் தேவலை.

அங்கிருந்தே மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரம்மாவிடம் போனார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் சொன்னாள். "பழைய நோய் மாதிரி தெரியல. உடம்பு பழகினத திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் முரண்டு பண்ணும். நிறுத்தணும்னு நெனச்சது தப்பு இல்ல, நிறுத்தின விதம்தான் தப்பு. மறுபடி ஆரம்பிங்க. மாசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். தலை நிலைக்கு வர்ற வரைக்கும் ரோலர் பக்கம் போகாதீங்க."

ரோலர் பக்கம் போகாமல் இருக்க விசிலிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் மாத்திரையைச் சொல்ல வேண்டும். அண்ணி பஸ்ஸிலேயே முடிவு கட்டினாள்.

"ஒண்ணும் சொல்லாத. மடிக்கிற மேசைக்கு மாறிக்கிறேன், முதுகு வலின்னு சொல்லு. மாத்திரைக்காரின்னு தெரிஞ்சா வெளிய அனுப்பிடுவான்."

"அப்ப நீங்க, அண்ணி?"

"எனக்கென்ன, கட்டுப் பிரிச்சா சரியாப் போகும்."

சரியாகப் போகவில்லை. கட்டுப் பிரித்துத் திரும்பியவளை விசில் ரோலரில் சேர்க்கவில்லை. கவனமில்லாத கைக்கு அழுக்கறைதான் என்றான். ரத்தமும் மூத்திரமுமாக வரும் துணியைப் பிரித்துப் போடும் அறை அது. ரப்பர் கையுறைக்குள் புதுத்தோல் வெந்தது. வீட்டுக்கு வந்து அண்ணி இடது கையால் சாப்பிட்டாள். மாத்திரை போட்டியா என்று கேட்பதை விட்டுவிட்டாள். இவள்தான் தினமும் அவள் முன்னால் போய் நின்று, தண்ணீர் ஊற்றிக் காட்டிக்காட்டி விழுங்கினாள்.

தலைக்குள் வெட்டுவது குறைந்தது. கால் மட்டும் இன்னும் நிற்க மறுத்தது. மடிக்கிற மேசையில் நிற்பாள், நடப்பாள், தண்ணீர் குடிப்பாள், திரும்ப வந்து நிற்பாள். அழுக்கறைக் கதவு திறக்கும்போதெல்லாம் அந்த நாற்றம் மேசை வரை வரும்.

ஒரு மத்தியானம் நேராக விசிலின் அறைக்குப் போனாள். அவன் பேனாவால் காது குடைந்துகொண்டிருந்தான்.

"என்ன?"

வெளியே அனுப்பினால் எங்கே போவது?

"முதுகு எப்படி இருக்கு?" என்றான் அவனே.

"பரவால்ல, சார்."

"வேற?"

"நூல் தீர்ந்துபோச்சு. கட்டுறதுக்கு."

அவன் இழுப்பறையைத் திறந்து ஒரு உருண்டையை எறிந்தான். அதைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மேசைக்குப் போய் அடுக்கிக் கட்டினாள். முடிச்சு சரியாக விழவில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டினாள்.

அன்று அந்த மூலையை விட்டது இவள் கை. அழுக்கறையில் அண்ணி நிற்பது இவள் நிற்க வேண்டிய இடத்தில். அதை விசிலின் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியது அண்ணிக்கு இவள் பட்ட கடன். அது இன்னும் தீரவில்லை.