ஹஃபீலாவின் மூக்கு நுனி

கலியாண வீட்டுக்காரர் ஃபைஸலின் வளவில் மூன்று புரியாணிச் சட்டிகள் தணலில் இருந்தன. சமையற்காரர் ஜவ்பர் சட்டிகளைப் பார்க்கவில்லை. தன் மனைவி ஹஃபீலாவின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெருப்பிலிருந்து பதினைந்து அடி தள்ளி, தென்னை நிழலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். தலையில் ஈரத் துவாய், உடம்பில் ஈரப் பெனியன், கையில் தண்ணீர் தெளிக்கும் போத்தல், கால்கள் இரண்டும் ஐஸ் போட்ட பேசினுக்குள். கலியாணச் சாப்பாடு ஆக்க வந்தவர் என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள். பந்தலுக்குப் போன கண்டக்குழி ஊர்ப் பெண்கள் அவரையும் சட்டியருகே நின்ற ஹஃபீலாவையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார்கள். கட்டின புதிதில்கூட அந்த மனிதர் பெண்டாட்டியை இப்படிப் பார்த்தது கிடையாது.

பாலாவியிலிருந்து கற்பிட்டி வரை ஜவ்பரின் புரியாணி பேர்போனது. அதன் ரகசியம் மசாலாவில் இல்லை, அவருடைய வேர்வையில் இருந்தது. சொன்னால் சாப்பிட்டவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள் என்று அவர் அதை வெளியில் விட்டதில்லை. மாவால் வாயை அடைத்துத் தணலில் ஏற்றிய சட்டியைத் திறந்து பார்க்க முடியாது. விறகு ஒரு நாளைப் போல ஒரு நாள் இருக்காது, களப்புக் காற்றும் அப்படித்தான். மணிக்கூட்டை நம்பினால் சோறு கெட்டுவிடும். அதனால் அவர் சட்டிக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் நிற்பார். நெற்றியில் அரும்பினால் சூடு பிடிக்கிறது. மூக்கு நுனியில் திரண்டால் மூடிமேல் தணல் போடலாம். முதுகில் ஒரு கோடு இறங்கி இடுப்பில் சாரன் முடிச்சை நனைத்தால் அடித் தணலை இழுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் உடம்பு அவரிடம் பொய் சொன்னதில்லை.

போன வருஷம் அது பொய் சொல்லப் பழகிக்கொண்டது. ஒரு கிழமைக் காய்ச்சலுக்குப் பிறகு இரண்டு கால்களும் விழுந்தன. முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாணில் அழற்சி என்றார்கள். மூன்று மாதம் ஆசுபத்திரியில் கிடந்து, கைத்தடியோடு நடக்கத் தொடங்கினார். நடை திரும்பியது, வேர்வை திரும்பவில்லை. நெஞ்சுக்குக் கீழே வேர்க்கச் சொல்லும் கட்டளை போய்ச் சேரவில்லை என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். கீழே பொட்டு ஈரமில்லாமல் உடம்பு கொதிக்கும். அதற்கும் சேர்த்து முகம் காரணமில்லாமல் ஊற்றும். வெயிலையும் நெருப்பையும் தள்ளி வையுங்கள், உடம்பை நனைத்துக்கொண்டே இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கேட்டாரா? பாலாவியில் ஒரு பிள்ளைக்குப் பெயர் வைத்த விருந்துக்குப் போய்ப் பழையபடி சட்டிக்குப் பக்கத்தில் நின்றார். தணல் சிவக்க முன்னமே முகம் மழையாய் ஊற்றியது. பழைய பழக்கத்தில் அதை நம்பித் தணலை இழுத்தார். சோறு வேகாமல் நறுக்கரிசியாய் வந்தது. அதை ஆட்கள் பார்ப்பதற்குள் அவரே சூடேறி மயங்கி விழ, நாலு வாளித் தண்ணீர் ஊற்றித்தான் எழுப்பினார்கள். ஆறு மாதமாக ஒருவரும் கூப்பிடவில்லை. ஃபைஸல் பால்ய சிநேகிதன் என்பதால் மகள் றைஸாவின் கலியாணத்துக்குக் கூப்பிட்டார். இதுவும் பிழைத்தால் அகப்பையைக் கழுவிக் கவிழ்க்க வேண்டியதுதான். ஜவ்பருக்கு அது தெரியும், ஹஃபீலாவுக்கும் தெரியும்.

அதற்கு வழி அவர்கள் வீட்டுக் குசினியில்தான் கிடைத்தது. வாசலில் மின்விசிறிக்கு முன்னால் இருந்தபடி, சமைத்துக்கொண்டிருந்த ஹஃபீலாவைச் சும்மா பார்த்தவர், "புள்ள, நெருப்பைக் குறை. ஒனக்கு மூக்கில வந்திட்டுது" என்றார். மூடியைத் திறந்தால் சோறு பதம். மூன்று வெள்ளிக்கிழமை பரீட்சித்தார்கள், மூன்றும் பிசகவில்லை. "இருபது வருஷமா ஈக்குற மூக்கு, இப்பதான் கண்ணுல பட்டிச்சா?" என்று அவள் கேட்டாள்.

இப்போது அந்த மூக்கின் நுனியில் முத்து திரண்டது. "நிஸார், மேல தணல் போடு" என்றார் ஜவ்பர். ஹஃபீலாவின் தம்பி நிஸார் மூன்று மூடிகளிலும் தணலை அள்ளிப் போட்டான். முதுகைச் சேலை மறைத்ததால், இனி முத்து உருண்டு உதட்டைத் தாண்டி நாடிக்கு வரவேண்டும், நாடியிலிருந்து சொட்டினால்தான் அடித் தணலை இழுக்கலாம். அந்த நேரம் பார்த்து ஃபைஸலின் மனைவி ஸலாம் சொல்லிக்கொண்டு வந்தாள். கலியாண வீட்டுக்காரி முன்னால் வேர்த்து வடிந்து நிற்கலாமா? ஹஃபீலா முந்தானையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

நூற்றைம்பது பேருடைய சோறு அந்த முந்தானைக்குள் போய்விட்டது. "என்ன மச்சான், இழுக்கவா?" என்று நிஸார் தடியோடு நின்றான். அவர் கைத்தடியை ஊன்றி எழுந்து, ஈரம் சொட்டச் சொட்ட நெருப்பருகே போனார்.

"இஞ்ச ஏன் வாறீங்க? போங்க அங்கால" என்று ஹஃபீலா பதறினாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "புள்ள, முதுகுல எங்க வரைக்கும் வந்திச்சி?"

அவளுக்குக் காதுவரை சிவந்தது. அக்கம்பக்கம் பார்த்தாள். "நடு முதுகு."

"இன்னம் நிக்கணும்."

இருவரும் நின்றார்கள். அவர் முகம் ஊற்றியது, அதை அவர் நம்பவில்லை. அவள் போத்தலைப் பறித்து அவருடைய கழுத்திலும் நெஞ்சிலும் தெளித்துக்கொண்டே இருந்தாள். காதுக்குள் இரைச்சல் கேட்கத் தொடங்கியபோதும் அவர் நகரவில்லை. கொஞ்சத்தில் அவள் தலையைக் குனிந்து, "இடுப்புக்கு வந்திட்டுது" என்றாள்.

"இழு நிஸார்."

ளுஹர் தொழுகைக்குப் பிறகு சட்டி வாயின் மாவை உடைத்தார்கள். சோறு ஒன்றோடொன்று ஒட்டாமல் எழும்பி நின்றது, வாசம் பந்தல்வரை போனது. ஆறு ஆறு பேராகச் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கதையை நிறுத்திவிட்டுத் தின்றார்கள். ஒருவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "அடுத்த மாசம் எங்கட மகன்ட கலியாணம். வருவீங்களா நானா?" என்று கேட்டார்.

"ஓம், வருவம்" என்றார் ஜவ்பர். "ரெண்டு பேரா வருவம்."

பழைய கதிரைக்கு வந்து பேசினுக்குள் கால்களை விட்டார். நிஸார் புது ஐஸ் கொட்டிவிட்டுப் போயிருந்தான். நோய்க்குப் பிறகு அந்தக் கால்களுக்குச் சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. ஹஃபீலா இன்னொரு கதிரையை இழுத்துப் போட்டு எதிரே இருந்தாள், செருப்பைக் கழற்றினாள். அவர் கால்களை ஒதுக்கி இடம் விட்டார். அவள் பாதங்களை உள்ளே விட்டதும் தோளைக் குறுக்கிக்கொண்டு கண்ணை இறுக்கி மூடினாள்.

"குளிருதா?" என்று கேட்டார்.

"பொல்லாத குளிர்."

ஜவ்பர் பேசினைக் குனிந்து பார்த்தார். நாலு கால்களுக்கு நடுவே ஐஸ் துண்டுகள் முட்டி மோதிக்கொண்டிருந்தன.