பாட்டின் இடது மூலை

‘கரையே’ என்ற சொல்லின் ‘யே’ தன் சுரத்துக்கு நேர் கீழே நிற்காமல் ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளி நிற்கிறது என்று நாத்தனார் பென்சிலால் வட்டம் போட்டிருந்தாள். போட்ட வேகத்தில் தாள் கிழிந்திருந்தது. தம்பி மனைவியான அவள் கணினியில் அந்த அசையைச் சரிசெய்தாள். நான்கு மாதமாக இதுதான் நடக்கிறது. பாடகர் குழுவின் நாற்பது பாட்டுகளையும் ஐந்து கோட்டு இசைக்குறிப்பாக அச்சுக்குத் தயாரிக்கும் வேலை அவளுடையது. அதற்கான மென்பொருள் தெரிந்தவர் குழுவில் வேறு யாருமில்லை. குழுத்தலைவியான நாத்தனாரோ அவளுடைய இறந்துபோன கணவனின் அக்கா. வேண்டாத பெண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். தம்பி பெண்டாட்டிக்கும் அது பொருந்தும்.

பாட்டின் சொற்கள் கோடுகளுக்குக் கீழே வரவேண்டும். ‘சத்தமாக’, ‘மெதுவாக’ என்கிற குறிகள், சொற்களை இடிக்காமல் கோடுகளுக்கு மேலே போகவேண்டும். கீழ்வரியில் ஆண்குரலின் உச்ச சுரம் ஏறிவந்து சொல்லை முட்டினால் இரண்டு வரிக்கும் நடுவே இடைவெளியைக் கூட்டவேண்டும். கூட்டினால் பாட்டு அடுத்த பக்கத்துக்கு வழியும். “ஒரே பக்கத்துல வரணும்” என்று நாத்தனார் மவுஸைப் பிடுங்கி, ஒவ்வொரு அசையாகக் கையால் இழுத்து நட்டுவிட்டுப் போவாள். மறுநாள் ஒரு சுரத்தை மாற்றினால் எல்லாம் நகரும். இழுத்து நட்டவை மட்டும் பந்தியில் இடம் கிடைக்காதவர்களைப் போல அங்கங்கே நிற்கும். அவள் அத்தனையையும் பழையபடி ஆக்கிவிட்டு மறுபடி தொடங்குவாள்.

இன்று கடைசிப் பாட்டு. கணவன் மெட்டமைத்தது. இடது மூலையில் அவள் தன் பெயரைப் போட்டிருந்தாள். நாத்தனார் அதன்மேல் இரண்டு கோடு கிழித்திருந்தாள்.

“இது எதுக்கு?”

“சொல் எழுதுனவங்க பேரு இடது மூலையில, மெட்டுப் போட்டவங்க பேரு வலது மூலையில. நாப்பதுக்கும் அப்படித்தான்க்கா போட்டிருக்கேன்.”

“இது என் தம்பி பாட்டு.”

“மெட்டு அவரோடது. சொல்லு என்னோடது.”

“யாரு பார்த்தா?”

யாரும் பார்க்கவில்லை. ஒரு மாலை அவன் மெட்டை முணுமுணுத்தபடி சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் கேஸ் ரசீதின் பின்பக்கத்தில் எழுதினாள். ஒரே ஒரு சொல் சிக்கவில்லை. இருவரும் அதைத் தேடிக்கொண்டிருந்ததில் சட்டை கருகிவிட்டது. கருகிய இடத்தை உள்ளே செருகிக்கொண்டு, வெளியே ஒன்றும் தெரியாமல் அவன் மறுநாள் வேலைக்குப் போனான்.

“அவர் கையால எழுதுன தாளக் கொண்டு வாங்க. ரெண்டு வருஷமா ஜெராக்ஸத்தான் காட்டுறீங்க. அதுலயும் தலைப்பக்கத்த வெட்டிட்டு.”

நாத்தனார் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். கொண்டுவந்த தாளை விசைப்பலகையின் மேல் போட்டாள். கணவனின் சாய்ந்த கையெழுத்து. மேலே, நட்டநடுவில், ‘சொல்லும் இசையும்’ என்று எழுதி அவன் பெயர். அடியில் இரட்டைக் கோடு. அவள் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“அழிச்சிருக்கேனான்னு பாக்குறியா? நல்லாப் பாரு.”

அழித்த தடம் எங்கும் இல்லை.

“இத உன் மூஞ்சிக்கு நேரா நீட்ட வேண்டாம்னுதான் தலைய வெட்டிக் குடுத்தேன். நீதான் விடல.” அந்தக் குரலில் இருந்தது இரக்கமா குரூரமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. இரண்டில் எதுவானாலும் அவளுக்கு வேண்டாம். “அவன் பேர நடுவுல போட்டு இருபது பிரதி எடு. பதினோரு மணிக்கு ஒத்திகை.”

செத்தவனோடு சண்டை போட முடியாது. இத்தனை நாளும் நாத்தனாரை வெறுப்பதே அவளுக்கு ஒரு பிடிமானமாக இருந்தது. தினமும் காலையில் எழுந்து குளித்து இங்கே வருவதற்குக்கூட அது போதுமானதாக இருந்தது. இப்போது அந்த வெறுப்பு திரும்பிப் பார்த்தால், அங்கே கருகல் தெரியாமல் சட்டையைச் செருகிக்கொண்டு சிரிக்கிறான் அவன்.

அவள் தன் பெயரை அழித்தாள். ‘இசை’ என்று போட்டு அவன் பெயரை வலது மூலைக்குத் தள்ளினாள். பிறகு முதல் அசையிலிருந்து கடைசி அசைவரை சொற்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் நீக்கினாள். நடுவில் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாமல் மேல்வரியும் கீழ்வரியும் தாமாகவே நெருங்கின. அதுவரை இடம் போதாமல் முட்டி மோதிய பாட்டு இப்போது முக்கால் பக்கத்தில் அடங்கிவிட்டது. அச்சு இயந்திரம் இருபது முறை தாளை உமிழ்ந்தது.

நாத்தனார் மேல்தாளைப் பார்த்தாள். “சொல்லு எங்க?”

“உங்க தம்பி சொல்லு அந்தத் தாள்ல இருக்கு. நான் எழுதினத நான் எடுத்துக்கிட்டேன்.”

“திருப்பிப் போடு.”

“நீங்களே போடுங்கக்கா. மவுஸப் பிடிக்கத்தான் தெரியுமே.” அவள் எழுந்து நாற்காலியை நாத்தனார் பக்கம் தள்ளினாள்.

பக்கத்துக் கூடத்தில் நாற்காலிகள் இழுபடும் சத்தம். ஆள்கள் வந்துவிட்டார்கள். நாத்தனார் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடித்துவிடுவாளோ என்றுகூட இருந்தது. பிறகு இருபது தாளையும் மார்போடு அள்ளிக்கொண்டு போனாள். கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

சற்று நேரத்தில் சுவருக்கு அப்பால் நாத்தனாரின் பியானோ கேட்டது. குழு வெறும் ‘ஆ’வில் மெட்டைப் பாடத் தொடங்கியது. இரண்டாம் வரியில், போன வருஷம் பாடிய நினைவில், ஒரு பெண்குரல் தன்னையறியாமல் சொல்லோடு பாடிவிட்டது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. பியானோ சட்டென்று நின்றது. நாத்தனார் திட்டுவாள் என்று அவள் காத்திருந்தாள். திட்டு வரவில்லை. ஒரே ஒரு கட்டை மட்டும் தட்டப்பட்டது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அதே கட்டை, அவர்கள் பாடாமல் விட்ட அடுத்த அசைக்குரிய சுரம்.

சுவரின் இந்தப் பக்கத்தில் அவள் உதடுகள் அந்த அசைக்காகக் குவிந்துவிட்டிருந்தன. அவள் புறங்கையால் வாயை அழுத்திக்கொண்டாள்.