மேட்டடியில் ஒரு வசவு

கழுத்துப் பட்டையைத் தலைகீழாகப் பிடித்து, கண்ணில் உரசாமல் குதிரை கப்போராலின் தலைவழியே நுழைத்துக்கொண்டிருந்தாள் ஒதில்.

"தலைகீழா மாட்டுற" என்றான் லாயத்து வாசலில் நின்ற அண்ணன் ஃபெலிசியன். கறுப்புக் கையுறையில் வைக்கோல் ஒட்டிவிடுமென்று கையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"நேரா பிடிச்சா தலை நுழையாது அண்ணே. கழுத்துக்கு வந்தப்புறம் திருப்பணும். லியேஜ் பட்டணத்து ஆபீஸ் நாற்காலி இதையும் மறக்கடிச்சிருச்சா?"

வீட்டுக்குள்ளே அப்பா லாம்பேர் சவப்பெட்டிக்குள் கிடந்தார். ஆயுசெல்லாம் ஆர்டென் காட்டிலிருந்து குதிரை கட்டி மரம் இழுத்த மனிதர். முந்தாநாள் சூப்பைக் குடித்துவிட்டு "உப்பு பத்தல" என்றவர், அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. தன்னைக் கப்போரால்தான் கோயிலுக்கு இழுத்துப் போக வேண்டும் என்று ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். ஃபெலிசியனோ நகரத்திலிருந்து பளபளவென்று ஒரு சவ ஊர்திக் காரைக் கொண்டு வந்துவிட்டான்.

"உன் இஷ்டப்படியே வண்டியில ஏத்து. ஆனா கோயில் மேட்டுல குதிரை நின்னுச்சுன்னா, பெட்டி காருக்கு மாறிடும். ஊர் சிரிக்க விடமாட்டேன்."

"நிக்காது" என்றாள் ஒதில்.

கப்போரால் நிற்கும். மேட்டடியில் தினமும் நிற்கும். அப்பா அங்கேதான் நிறுத்திப் புகையிலைச் சுங்கானைப் பற்றவைப்பார். பிறகு பள்ளத்தாக்கே கேட்க ஒரு வசவைக் கத்துவார். அதைக் கேட்டால்தான் குதிரை காலெடுக்கும்.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் பாதிரியார் செர்வே, பின்னால் வண்டி, அதன் பின்னால் ஊர், எல்லாவற்றுக்கும் பின்னால் உறுமிக்கொண்டு கார். ஒதில் கையிலிருந்த ஒற்றைக் கயிறுதான் கடிவாளம். நீட்டி இழுத்தால் இடப்பக்கம், வெட்டி இழுத்தால் வலப்பக்கம். கப்போரால் மாப்பிள்ளை போல நடந்தது. மேட்டடி வந்ததும் நின்றது.

ஒதில் நாக்கைச் சொடுக்கினாள். கெஞ்சினாள். குதிரை காதை மட்டும் பின்னால் திருப்பியது. மரவெட்டிகள் தொப்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். அந்த வசவு என்னவென்று ஊருக்கே தெரியும். கப்போரால் பிறந்தது பாதிரியார் வீட்டு லாயத்தில். அப்பா அதை விலைக்கு வாங்கிய நாளிலிருந்து ஒரே வசவுதான்.

"சாமி, கொஞ்சம் காதைப் பொத்திக்குங்க" என்றாள் ஒதில்.

"பொத்தி என்னம்மா ஆகப்போகுது? உங்கப்பன் தினமும் என் ஜன்னலுக்குக் கீழதானே கத்துவான். நீ சொல்லு."

"ஏறுடா பாதிரி மவனே" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். வசவாக இல்லை, பாட்டு மாதிரி வந்தது. கப்போரால் அவளைத் திரும்பிப் பார்த்து, மறுபடி முன்னால் பார்த்துக்கொண்டது. இரண்டாவது முறை கத்தியபோது அழுகையும் சேர்ந்துகொண்டது.

ஃபெலிசியன் முன்னால் வந்தான். மரவெட்டிகள் நால்வரைப் பார்த்துக் கையசைத்தான். அவர்கள் மனசில்லாமல் வந்து பெட்டியில் கை வைத்தார்கள். ஒதில் கயிற்றை விடவில்லை.

"அண்ணே, அவர் கேட்டது இது ஒண்ணுதான்."

அவன் அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"ஏறுடா, பாதிரி மவனே!"

அப்பாவின் குரல். அதே கரகரப்பு, கடைசியில் அதே இழுப்பு. வீட்டைவிட்டு லியேஜுக்கு ஓடியபோது ஃபெலிசியன் வேறெதையும் எடுத்துப் போகவில்லை, அதை மட்டும் எடுத்துப் போயிருக்கிறான். பெட்டியில் கை வைத்திருந்த ஒருவன் சட்டென்று கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டான். ஒதில் தன்னையறியாமல் பின்னால் திரும்பிப் பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

கப்போரால் பட்டையில் நெஞ்சைக் கொடுத்துச் சாய்ந்தது. சங்கிலிகள் விறைத்தன, லாடங்களில் பொறி பறந்தது. வண்டி குலுங்கி ஏறியது. ஊர் சிரித்துக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் பின்னால் ஓடியது. பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாகக் குதித்தார்.

"என் மகன்தானே, அப்படித்தான் இருப்பான்" என்றார் மூச்சிரைக்க.

ஃபெலிசியன் வண்டியின் பக்கத்திலேயே மேடு முழுக்க நடந்து வந்தான். கார் கீழேயே நின்றுவிட்டது.

கோயில் வாசலில் பெட்டியை இறக்கும்போது, கப்போரால் தலையை நீட்டி ஃபெலிசியனின் கோட்டுப் பையை மோந்தது.

"என்ன வேணுமாம்?"

"ஏறி முடிச்சா அப்பா ரொட்டித் துண்டு குடுப்பாரு."

அவன் பைகளைத் தடவிப் பார்த்தான். பிறகு கையுறையைக் கழற்றி, வெறும் உள்ளங்கையை நீட்டினான். குதிரை அதை நக்கி முடிக்கும்வரை அங்கேயே நின்றான்.