காயம்பட்டவர் பேசக் கூடாது

ஆணையும் பெண்ணையும் ஒரே மைதானத்தில் விட்டுப் பயிற்சி கொடுக்கலாம் என்று மேலிடத்தில் யாரோ முடிவு செய்த நாளிலிருந்து, முகாமில் அதிகம் நொந்துபோனவர் சார்ஜென்ட்தான். அம்மா, அக்காவை இழுத்துத் திட்டக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டது. அவருடைய சொல்வளத்தில் முக்கால்வாசி அதோடு போயிற்று. மிஞ்சியது காய்கறிதான். சொத்தைக் கத்திரிக்காய், அழுகல் பூசணிக்காய் என்று விடிந்ததும் கடை விரிப்பார். பாதி வசவில் அடுத்த காய் கிடைக்காமல் திணறுவார். பெண்கள் வரிசையில் பஸ் கண்டக்டராக இருந்துவிட்டு வந்த ஒருத்திதான் இரக்கப்பட்டு, "முத்தின வெண்டைக்கா, சார்" என்று எடுத்துக் கொடுப்பாள்.

அந்தக் கண்டக்டருக்கு ஜோடியாக வாய்த்தவன் மூட்டை. அது முகாம் வைத்த பெயர். முன்பு கிடங்கில் லோடுமேனாக இருந்தவன். காயம்பட்ட ஆளைத் தோளில் போட்டு மைதானத்தின் இந்தக் கோட்டிலிருந்து அந்தக் கோடு வரை ஓடும் தேர்வுக்கு, எடைக்கு எடை பார்த்து ஜோடி பிரித்தார்கள். தராசில் அவனும் அவளும் ஒரே எடை காட்டினார்கள். ஆண்கள் பக்கம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இருவரும் மாறி மாறிச் சுமக்க வேண்டும். ஒருவர் தவறினாலும் ஜோடியே காலி. அடுத்த அணியோடு மறுபடி முதலிலிருந்து. மூட்டை ஏற்கெனவே ஒருமுறை முதலிலிருந்து வந்தவன். இன்னொரு வாய்ப்புக் கிடையாது, நேரே வீடு. வீடென்றால் கிடங்கு. கிடங்கென்றால் மேஸ்திரி. கிளம்பிய அன்று, இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் மேஸ்திரியின் மூஞ்சிக்கு நேரே, லாரி டிரைவர்கள் கைதட்டக் கொட்டிவிட்டு வந்திருந்தான். அந்த ஆள் முன்னால் போய் நிற்பதைவிடக் குண்டடி பட்டுச் சாகலாம். ஆனால் குண்டடி படுவதற்குக்கூட முதலில் இங்கே தேறியாக வேண்டும்.

தேர்வுக்கு முந்தின நாள் ஒத்திகை கேவலமாய் முடிந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு மூட்டை காற்றாய்ப் பறந்தான். கோட்டைத் தொட்டதும் தோள் தன் பழக்கத்துக்குச் சாய்ந்தது. அரிசி மூட்டையை இறக்குவதுபோல் அவளைத் தொப்பென்று போட்டான்.

"காயம்பட்ட ஆளக் கொன்னுட்டியே, சொத்தைக் கத்திரிக்கா" என்றார் சார்ஜென்ட்.

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து அவனைத் தூக்கினாள். ஒரு பொம்பளை தோளில் கிடக்கிறோமே என்று அவன் உடம்பு பலகையாய் விறைத்தது. போதாததற்கு, பாவம், பாரம் குறையட்டும் என்று காலை நீட்டி நீட்டித் தரையைத் துழாவினான். பாதி வழியில் இருவரும் குப்புற விழுந்தார்கள்.

சாப்பாட்டு வரிசையில் அவள் தட்டோடு வந்து நின்றாள்.

"ஏம்பா, நீ தூக்கின மூட்டையெல்லாம் தோள்ல ஏறினதும் காலை ஊனுமா?"

"மூட்டைக்கு ஏது காலு?"

"அப்ப நீ ஏன் ஊனுற?"

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னுதான்."

"ஒத்தாசை பண்றவரு எதுக்கு என்னைத் தரையில அடிச்சீங்க? இடுப்பே நிறம் மாறிப்போச்சு."

"கைப் பழக்கம், கண்டக்டர்."

"நாளைக்கும் பழக்கம்னு சொல்லு, நீ தினமும் புலம்புற அந்த மேஸ்திரிகிட்ட நானே கொண்டுபோய் விடுறேன். டிக்கெட் என் செலவு."

மறுநாள் தேர்வில் முதலில் சுமந்தது அவள்தான். தோளில் ஏறியதும் அவன் உடம்பு மறுபடி பலகையாயிற்று. கால் தானாக நீண்டது. காயம்பட்டவர் மயங்கிக் கிடக்க வேண்டும், பேசக் கூடாது என்பது விதி. சுமப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை.

"படிக்கட்டுல தொங்காதே" என்றாள் அவள், மூச்சு வாங்கியபடி. "உள்ள போ, உள்ள போ. காலை இழுத்துக்கோங்க பெரியவரே. ஆடு கோழியெல்லாம் ஏத்தக் கூடாது, இறக்கி விட்டுருவேன்."

மூட்டைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வயிறு குலுங்கியது. குலுங்கக் குலுங்க விறைப்பு விட்டுப்போய், ஈரச் சாக்குபோல் அவள் முதுகில் தொய்ந்து தொங்கினான். நொந்த இடுப்பை ஒரு பக்கமாய்ச் சாய்த்து நடையும் ஓட்டமுமாய் எதிர்க் கோட்டுக்கு வந்தாள். "கடைசி ஸ்டாப். எல்லாம் இறங்கு" என்று அவனைப் பூப்போல இறக்கினாள்.

அடுத்து அவன் முறை. தூக்கினான், பறந்தான். கோடு காலடியில் வந்தது. இத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? தோள் சாயத் தொடங்கிவிட்டது.

காதுக்குள் ஒரு விசில். விரல் வைத்து அடித்த, பஸ்ஸை நிறுத்தும் ஒற்றை விசில்.

மூட்டை அப்படியே நின்றான். பிறகு ஒரு முழங்காலை மடக்கி, அவள் தலைக்குக் கை கொடுத்து மெல்லக் கிடத்தினான்.

சார்ஜென்ட் வந்து குனிந்து பார்த்தார். அவள் கண் மூடி, விதிப்படி மயங்கிக் கிடந்தாள்.

"மயங்கிக் கிடக்கிற ஆளு விசில் அடிக்குமா?"

மேஸ்திரியின் முகம் மூட்டையின் கண் முன்னால் வந்து பல்லைக் காட்டியது.

"மூச்சு திரும்பிடுச்சு சார்" என்றான். "அவ்ளோ பதமாத் தூக்கிட்டு வந்திருக்கேன்."

சார்ஜென்ட் அவனைத் திட்ட வாயைத் திறந்தார். ஒரு காயும் வரவில்லை. கத்திரிக்காய் நேற்றே செலவாகிவிட்டது.

"சுரைக்கா, சார்" என்றது கீழே கிடந்த மயக்கம்.

"காயம்பட்டவங்க பேசக் கூடாது" என்றார் சார்ஜென்ட், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. "ரெண்டு சுரைக்காயும் தேறிடுச்சு. இடத்தைக் காலி பண்ணுங்க."

அவர் போன பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை.

"இடுப்பு பிடிச்சுக்கிச்சுப்பா" என்றாள். "சாப்பாட்டு வரிசை வரைக்கும் தூக்கிட்டுப் போ. அங்கேயும் மெதுவா இறக்கு."