முதிரையில் ஒரு வட்டம்

தர்மபுரத்தில் யாருக்குக் கதவு வேண்டுமென்றாலும் ஜெயரூபியின் மரவேலைக் கொட்டிலுக்குத்தான் வருவார்கள். கொட்டிலோடு ஒட்டிய அவளுடைய சொந்த வீட்டு வாசலில் மட்டும் கதவு கிடையாது. இரண்டு பிணைச்சலில் ஒரு பிளைவுட் பலகை தொங்கும், அவ்வளவுதான். காற்றடித்தால் அது படார் படாரென்று நிலையில் மோதும்.

இந்த வருடம்தான் மனம் வைத்துத் தனக்கென்று முதிரை மரத்தில் ஒரு கதவு செய்யத் தொடங்கினாள். சட்டம் தயார், கீழ்ப்பலகையும் பூட்டியாயிற்று. மேல்பலகை மினுங்க மினுங்க இழைத்துச் சுவரில் சாய்த்திருந்தது. அந்த நேரம் பார்த்துத் தம்பி கோகுலன் தன் கிற்றாருக்கான ஸ்பீக்கர்ப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

பெட்டியின் முன்பலகை, அதுதான் ஸ்பீக்கரைப் பூட்டுகிற பலகை, மழையில் ஊறி உதிர்ந்துபோயிருந்தது. வெறும் மரத்தூளை அமுக்கிச் செய்த சாமான், வேறெப்படி இருக்கும்? வெள்ளிக்கிழமை கோயில் திருவிழாவில் அவனுடைய இசைக்குழுவுக்கு நிகழ்ச்சி.

"வைச்சிட்டுப் போ. நாளைக்கு வந்து எடு," என்றாள் ஜெயரூபி.

மறுநாள் வந்து பார்த்தான். பெட்டியின் முகத்தில் அக்காவின் கதவு மேல்பலகை, ஓரம் அறுபடாமல் முழுசாக, நடுவில் மட்டும் ஸ்பீக்கருக்கு வட்டமாக வெட்டுப்பட்டு உட்கார்ந்திருந்தது. வன்னியில் ஒருவர்மேல் அன்பென்றால் முதிரையைத்தான் கொடுப்பார்கள். அதைவிட மட்டமான மரத்தைத் தம்பிக்குக் கொடுக்க அவளுக்குக் கை வருமா?

கோகுலன் கொண்டுவந்த கிற்றாரைப் பெட்டியில் பூட்டிக் கம்பிகளைத் தட்டினான். சத்தம் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிற ஆளின் குரல்மாதிரி. இன்னொருமுறை தட்டினான். அதே அடைப்பு.

சொன்னால் அக்காவின் கதவு வீண். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஊரே கேட்கப்போவது இந்தச் செத்த சத்தத்தைத்தான்.

"நல்லாயிருக்கோடா?"

"ஓம் அக்கா. திறம்," என்றான், முகத்தைப் பார்க்காமல்.

பெட்டியைத் தூக்கியபோது இடுப்பு முறிந்துவிடும் போலிருந்தது. தட்டுத்தடுமாறி வீதிப் படலைவரை போனான். பின்னால் காற்றுக்கு வாசல் பிளைவுட் அடித்தது. நல்ல ஆழமான சத்தம், முற்றத்தைத் தாண்டி வந்து காதில் விழுந்தது. அவன் நின்றான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான்.

"அக்கா, பொய் சொன்னனான். சத்தம் அடைக்குது."

ஜெயரூபியின் முகம் வாடிப்போயிற்று. "முதிரையில என்னடா குறை?"

"குறையில்லை அக்கா. அது அசையாது. கதவெண்டால் அப்பிடித்தான் இருக்கோணும். இதுக்குக் கொஞ்சம் துடிக்கிற பலகை வேணும்."

"அதுக்கு நான் எங்க போவன்?"

கோகுலன் வாசலைப் பார்த்தான். அவளும் பார்த்தாள்.

"பேய்க்கதை கதையாத. அதைக் கழட்டினால் வாசலுக்கு என்ன செய்யிறது?"

"உங்கட முதிரைக் கதவு."

"ஓட்டையோடயோ?"

"ஓட்டையோட."

அவள் அவனை முறைத்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. திருப்புளியை எடுத்துக்கொண்டு தானே எழும்பினாள்.

பொழுதுபடுவதற்குள் பிளைவுட்டை அளவாக அறுத்துப் பெட்டியில் பூட்டியாயிற்று. முதிரைப் பலகை தன் சட்டத்துக்கே திரும்பிப் போய், கதவாக வாசலில் நின்றது. ஜெயரூபி உள்ளே போய் அதைச் சாத்தினாள். காற்றுக்கு அது அசையவே இல்லை. மேலே வெட்டிய வட்டத்துக்குள் அவள் முகம் வந்து நின்றது.

"இப்ப அடி பாப்பம்."

கோகுலன் முற்றத்தில் நின்று அடித்தான். சத்தம் விரிந்து, படலையும் தாண்டி வீதிக்குப் போயிற்று. அவன் அடிப்பதை நிறுத்தி நிமிர்ந்தபோது அக்காவின் கண் கலங்கியிருந்தது.

"இதையல்லோ இவ்வளவு காலமும் வாசலில கட்டித் தொங்கவிட்டுச் சும்மா அடி வாங்க வைச்சனான்," என்றாள். "நிப்பாட்டாத. அடி."