வாயில் பஞ்சுடன் இத்தாலி

பல் டாக்டர்களுக்கென்று ஒரு தொழில் வியாதி உண்டு. நோயாளியின் வாய் நிறையப் பஞ்சைத் திணித்துவிட்டு, "பையன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்பார்கள். நோயாளி "ஆங்" என்பார். "நல்லாப் படிக்கிறானா, சந்தோஷம்" என்று பதிலையும் அவர்களே சொல்லிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பையன் படிக்காவிட்டாலும் பல் சரியாகிவிடும்.

நம் டாக்டரம்மாவுக்கு இந்த வியாதி முற்றி, வீடுவரை வந்துவிட்டிருந்தது.

இத்தாலிப் பயணத்துக்கும் அவள் அப்படித்தான் திட்டம் போட்டாள். சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, "முதல்ல ரோம். விடியறப்பவே கிளம்பிட்டா கூட்டம் இருக்காது, சரிதானே?" என்பாள். பதினேழு வயது மகள் கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்பாள். "சரின்னுட்டா. அப்புறம் ஃப்ளாரன்ஸ்ல மியூசியம். உனக்குத்தான் ஓவியம்னா உயிராச்சே, இல்லடா?" மகனுக்குப் பதினாலு வயது. அவன் உயிரெல்லாம் கால்பந்தில் இருந்தது. அவனும் "ம்" என்பான். "பார்த்தீங்களா, எப்படிக் குதிக்கிறான்!" என்று கணவரிடம் பூரித்துப்போவாள். கணவர் பெயின்ட் கடைக்காரர். எந்த வெள்ளை நல்ல வெள்ளை என்று பகல் முழுக்க வாய் வலிக்கப் பேசிவிட்டு வருகிற மனுஷர், வீட்டில் வாய்க்கு நிரந்தர விடுமுறை கொடுத்திருந்தார்.

அவள் இவ்வளவு மும்முரமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. விடுமுறை முடிந்ததும் மகள் மேல்படிப்புக்காக வேறு ஊருக்குப் போகிறாள். அதற்குள் நாலு பேருமாக ஓர் இடத்துக்குப் போய்வந்துவிட வேண்டும். அப்புறம் யார் எங்கே இருப்பார்களோ என்ற கவலை அவளுக்கு. இதை மட்டும் அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"நாளைக்கு டிக்கெட் போட்டுடலாமா? போட்டுடலாம்" என்று அவள் முடித்த அன்றைக்குத்தான் மகள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

"மூணு டிக்கெட் போடுங்கப்பா. நான் வரல."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏன் வரல? ஃப்ரெண்ட்ஸோட போறியா? போற. அம்மாகூட வர வெட்கமா இருக்கா? இருக்கும், இந்த வயசுல அப்படித்தான் இருக்கும்."

மகள் அவளையே ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மறுநாள் மதியம் டாக்டரம்மா தன் கிளினிக்கில் தன் நாற்காலியிலேயே மல்லாந்து படுத்திருந்தாள். 'வலிச்சா உடனே வாங்க, தள்ளிப்போடாதீங்க' என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவள், தன் கடைவாய்ப் பல்லை மட்டும் மாசக்கணக்கில் தள்ளிப்போட்டிருந்தாள். இனித் தாங்காது என்றானதும், அவளிடம் வேலை பழகிய ஜூனியர்தான் அதைப் பிடுங்க வந்தான்.

"இத்தாலி போறீங்களாமே மேடம்?"

"ஆங்."

"பிள்ளைங்க குதிப்பாங்களே?"

"ஆ... ஆங்ங்..." பெரியவள் வரமாட்டேன்கிறாள், மனசே சரியில்லை என்பதைத்தான் அவள் அப்படிச் சொன்னாள்.

"குதிக்கிறாங்களா! சூப்பர் மேடம்" என்றான் அவன்.

அவன் காதைப் பிடித்துத் திருகலாம்போல் இருந்தது அவளுக்கு. ஆனால் இந்த வித்தையை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் யார்? விளக்கு வெளிச்சம் நேரே கண்ணில் விழுந்தது. நேற்று மகள் பார்த்த பார்வைக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. கண் கலங்கியதைப் பார்த்து, "வலிக்குதா மேடம்? வலிக்காது" என்றான் ஜூனியர். பல் வந்ததும் பஞ்சை வைத்து, "நல்லாக் கடிச்சுக்குங்க. பேசக் கூடாது" என்று அவள் தினமும் சொல்கிற வசனத்தை அவளிடமே சொல்லி அனுப்பினான்.

சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு அவள் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மகனுக்குக் கொண்டாட்டம்.

"அம்மா, பல்லு போச்சா? போச்சு. வலிக்குதா? வலிக்கல. எனக்குப் புது ஷூ வாங்கித் தர்றியா? தர்றேன்டா கண்ணா. தேங்க்ஸ்மா!"

கணவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். டாக்டரம்மா முறைத்தாள். பஞ்சு இருந்ததால் முறைப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

சிரிப்பு அடங்கியதும் கணவர் மடிக்கணினியைத் திறந்தார். "மூணா, நாலா?" என்று பழக்கதோஷத்தில் மனைவியைப் பார்த்தார். அவள் வரைபடத்தை மகள் பக்கம் தள்ளிவிட்டுச் சும்மா இருந்தாள். அம்மாவின் பதில் வரும் என்று மகளும் காத்திருந்தாள். வரவில்லை.

"எனக்கு இத்தாலி பிடிக்காதுன்னு இல்லம்மா" என்று மெல்ல ஆரம்பித்தாள் மகள். "இதுவரைக்கும் நாம போன ஊர்ல எல்லாம் நான் என்ன பார்த்தேன் தெரியுமா? உன் முதுகை. நீ டிக்கெட்டைக் கையில வெச்சுக்கிட்டு முன்னாடி ஓடுவ, நாங்க பின்னாடியே ஓடிவருவோம். மலை, கடல், கோட்டை, எதை நினைச்சாலும் நடுவுல உன் நீலப் பைதான் நிக்குது."

'யாருக்காக ஓடினேன், உங்களுக்காகத்தானே!' என்று தொண்டைவரை வந்துவிட்டது. பஞ்சை அழுத்திக் கடித்தாள்.

"இன்னும் கொஞ்ச நாள்ல நான் போயிடுவேன். அங்க உட்கார்ந்து நினைச்சுப் பார்க்க உன் முதுகு மட்டும் போதுமாம்மா?" மகள் வரைபடத்தில் விரலை வைத்தாள். "இத்தாலியில ஒரு நாள் எதையும் பார்க்க வேணாம். ஏதாவது ஒரு படிக்கட்டுல உட்கார்ந்து ஐஸ்க்ரீம் சாப்பிடலாம். நீயும் பக்கத்துல உட்காரணும். உட்காருவியா?"

"ம்."

"ம்னா? ஆமான்னு நானே வெச்சுக்க மாட்டேன். சொல்லு."

ரத்தம் நின்று வெகுநேரமாகிவிட்டது. அது அவளைவிட யாருக்குத் தெரியும்? பஞ்சை எடுத்துக் காகிதத்தில் சுற்றி வைத்தாள். பாதி உதடு இன்னும் மரத்துத்தான் கிடந்தது.

"உட்காருறேன்" என்றாள். வார்த்தை கோணலாகத்தான் வந்தது. மகன்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு அவள் கேட்டாள். "நீ வர்றியா?"

கேட்ட வாய் மூடவில்லை, பதிலும் நாக்கு நுனியில் வந்து நின்றது. ஜூனியர் கொடுத்தனுப்பிய பொட்டலத்திலிருந்து அவசர அவசரமாக ஒரு புதுப் பஞ்சை எடுத்து, வாயில் வைத்து இறுக்கிக் கடித்துக்கொண்டாள்.

மகள் வேண்டுமென்றே வரைபடத்தைக் கால் முதல் தலைவரை நிதானமாகப் பார்த்தாள். அம்மா இமைக்காமல் காத்திருந்தாள்.

"நாலு போடுங்கப்பா" என்றாள் மகள்.