வாசல் விளக்கை அணைத்துவிடு

உலகத்தில் நல்ல காதல் பாட்டு ஒன்றைக்கூடக் காதலிக்கிறவன் எழுதியதில்லை என்பது ராய்ஸ் டக்கெட்டின் தீர்மானமான முடிவு. அமெரிக்காவில் பாட்டுத் தொழிலுக்குப் பேர்போன நாஷ்வில்லில் எல்லாப் பாட்டுமே காலை பதினொரு மணிக்கு, பல் துலக்கிவிட்டு வந்த இரண்டு மூன்று பேர், கதவைச் சாத்திக்கொண்டு எழுதியவைதான். அவனுக்கு மூன்று விவாகரத்து. அவன் எழுதி வானொலியில் வந்த பாட்டுகள் ஏழு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும் என்பான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அவனுடைய கூட்டாளி வெஸ் ஹாஸ்கின்ஸ் வரவில்லை. போன்தான் வந்தது.

"ஓபலைத் தனியா விட முடியலடா. நீ இங்க வர்றியா?"

ராய்ஸ் கிட்டாரை எடுத்துக்கொண்டு போனான். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வெஸ்ஸின் மனைவி ஓபலை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டிருந்தார்கள். முன்னறையில் கட்டில். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் கடகடத்துக்கொண்டிருந்தது.

"இது தாளம் தப்பாப் போடுதே" என்றான் ராய்ஸ்.

"உன் கிட்டாருக்கு இது பரவால்ல" என்றாள் ஓபல், கண்ணைத் திறக்காமல்.

பாட்டின் முதல் அடியை ராய்ஸ் ஏற்கெனவே வைத்திருந்தான்: வாசல் விளக்கை எரியவிடு. பிரிந்து போன மனைவிக்காக ஒருவன் காத்திருக்கிறான். இரண்டு மணி நேரமாகியும் பல்லவி நகரவில்லை.

"இந்த மாதிரி இருநூறு பாட்டு இருக்குடா" என்றான் வெஸ்.

"அதனாலதான் ஓடுது."

"அணைச்சிரு" என்றாள் ஓபல்.

வெஸ் எழுந்து சுவிட்சை நோக்கிப் போனான்.

"அத இல்ல. பாட்டுல. நான் வரமாட்டேன்னு தெரிஞ்சும் நீ எரியவிட்டுட்டு உக்காந்திருப்ப. அணைச்சிட்டுப் போய்ப் படுக்கச் சொல்லுங்க அந்தாளை."

ராய்ஸின் பென்சில் ஓடியது. கால் மணி நேரத்தில் பாட்டு முடிந்துவிட்டது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டு பிறந்தபோது அறையில் இருந்தவர்கள் எல்லாரும் அதை எழுதியவர்கள். பாதிப் பாட்டைச் சொன்னவனும், காபியைக் குடித்துவிட்டுத் தலையாட்டியவனும் ஒன்றுதான். யார் எந்த வரி என்று கேட்பது நாகரிகமில்லை.

"மூணு பேரோட பேரும் போடுவோமா?" என்றான் வெஸ்.

ராய்ஸ் சிரித்தான். "பொண்டாட்டி பேரைச் சேக்குறவனெல்லாம் கத்துக்குட்டிடா. சோபால பூனைகூடத்தான் இருந்துச்சு. அதையும் போட்டுக்க."

"அவ பேர் சொல்ல ஒண்ணும் இல்லடா. ஒரு புள்ளகூட."

"இது பாட்டுடா, கல்லறைக் கல்லு இல்ல."

"சாகத்தான் போறேன் ராய்ஸ்" என்றாள் ஓபல். "காது நல்லாவே கேக்குது."

ராய்ஸ் தாளின் தலைப்பில் இரண்டு பெயர் எழுதி, மடித்துக் கிட்டார் பெட்டிக்குள் வைத்தான். வெஸ் அவளுடைய போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தான். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை அவள் இறந்துபோனாள்.

அடக்கத்துக்குப் பிறகு எல்லாரும் வெஸ்ஸின் வீட்டில் கூடினார்கள். ராய்ஸ் வண்டியை நிறுத்தியபோது உச்சி வெயில். வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பேப்பர் தட்டில் உருளைக்கிழங்கோடு நின்ற வெஸ், அவன் பார்ப்பதைப் பார்த்தான்.

"சொல்லிட்டுத்தான் போனா" என்றான். "அணைக்கக் கை போகலடா."

மறுநாள் ராய்ஸ் பாட்டை எழுதியவர்கள் பெயரைப் பதிவு செய்ய உரிமை ஆபீசுக்குப் போனான். மேசைக்குப் பின்னால் இருந்த ட்ரீனா, வழக்கமான கேள்வியை நிமிராமலே கேட்டாள்.

"ரூம்ல யார் யார்?"

"நானும் வெஸ்ஸும்."

அவள் எழுதத் தொடங்கினாள்.

"இரு. குடு இங்க."

படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து அடக்கத்தன்று தேவாலயத்தில் கொடுத்த நினைவு அட்டையை எடுத்தான். ஓபலின் முழுப்பெயர் அவனுக்குத் தெரியாது. பார்த்துப் பார்த்து, முதல் வரியில் எழுதினான்: ஓபல் ஜீன் ஹாஸ்கின்ஸ்.

ட்ரீனா எட்டிப் பார்த்தாள். "யாரு, வெஸ்ஸோட சம்சாரமா?"

"ரூம்ல இருந்தா" என்றான் ராய்ஸ்.